துணி காயும் வீடு விற்பனைக்கு

அந்த நீல நைலான் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியவன் நான்தான். பின்பக்கம் முருங்கை மரத்திலிருந்து குளியலறைச் சுவர் ஆணி வரைக்கும் அண்ணி கட்டியிருந்த துணிக்கொடி அது. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இரண்டு முனையிலும் நறுக்கி, சுருட்டி, மாடிப்படிக்கு அடியில் எறிந்தேன். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கொல்லைப்புறம் பளிச்சென்று இருந்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

நெம்மேலிக்குப் பக்கத்தில், கடலோரச் சாலைக்கு உள்ளடங்கி இருந்தது எங்கள் வீடு. அண்ணிக்குச் செங்கல்பட்டில் நர்ஸ் வேலை. விடியும் முன்பே கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய்வந்து, ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண்ணயர்ந்துவிடுவார். கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஃப்ளாட் அமைந்தது. அங்கிருந்து ரயில் ஏறினால் அரை மணியில் செங்கல்பட்டு. மாசக் கடைசி வரைக்கும் காத்திருப்பேன், அதற்குமேல் வேறு ஆளுக்குத்தான் என்று அதன் உரிமையாளர் சொல்லிவிட்டார். அதற்குள் எங்கள் வீடு விலைபோக வேண்டும். கையில் இருந்தது பதினெட்டு நாள்.

அண்ணன் வழக்கம்போல அண்ணி முகத்தைப் பார்த்தான். நான்தான் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன். சிறுசேரி ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் செல்போனில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைச் சீக்கிரம் விற்பது எப்படி என்று உலகத்தில் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் தெரியுமா? சாமான்களை ஒழியுங்கள், சுவருக்கு வெள்ளையடியுங்கள், வெளிச்சம் வரட்டும் என்றார்கள். செய்தேன். காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலி, ஊறுகாய் ஜாடி, அண்ணியின் தையல் மெஷின் எல்லாம் பக்கத்து வீட்டு மீன்காரக்கா வீட்டுக்குப் போயின. கடைசியாகத்தான் கொடி. டூட்டி முடிந்து வந்த அண்ணி வாசலிலேயே நின்றார். "நம்ம வூடுதான தம்பி இது?" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஒருவர். கூடத்தில் நின்று இருமினார். அந்த இருமல் சுவரில் பட்டு அவருக்கே திரும்பி வந்தது. "எப்ப காலி பண்ணாங்க?" என்று கேட்டார். "இங்கதான் சார் இருக்கோம்" என்றேன். நம்பவில்லை. வெளியே போய் எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார், இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று. அடுத்து வந்த குடும்பம் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே காலே வைக்கவில்லை. புரோக்கர் அண்ணாத்தைதான் கடைசியில் உடைத்துச் சொன்னார். "இன்னா தம்பி, எழவு வுழுந்து கழுவி வுட்ட வூடு மாரி பண்ணி வெச்சிகினு கீற. எவன் வாங்குவான்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. இன்னும் ஐந்தே நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் வருவதாக இருந்தது. அன்றைக்கு அண்ணி லீவு போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வூடுன்னா யாரோ நல்லா வாழ்ந்துகினு கீறாங்கன்னு தெரியணும். வா, ஒரு கை புடி" என்றார்.

அப்படியொரு காலையை நான் பார்த்ததில்லை. போன சாமான்களெல்லாம் ஊர்வலமாகத் திரும்பி வந்தன. காலண்டரை மாட்டி தேதி கிழித்தார். தையல் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட்டை வைத்தார். மீன்காரக்கா வஞ்சிரம் வறுக்கிறேன் என்று வந்தபோது, "வேணாங்கா, வர்றவங்க இன்னா சாப்புடுவாங்களோ. வெங்காயத்த வதக்கு, அது எல்லாருக்கும் ஆவும்" என்றார். பிறகு மாடிப்படிக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்தார். நான் வெட்டிய இரண்டு இடத்திலும் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினார். அழுக்குத்துணி போதவில்லை. பீரோவில் மடித்து வைத்திருந்த நல்ல துணியையெல்லாம் வாளியில் முக்கி எடுத்து வரிசையாகக் காயப்போட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

வந்த கணவர் கூடத்தில் உட்கார்ந்து பத்திரத்தைப் புரட்டினார். அந்த அம்மா நேராகக் கொல்லைப்பக்கம் போனார். வெயிலிலும் கடல்காற்றிலும் துணியெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்து, "எப்ப போட்டீங்க?" என்றார்.

"ஒரு மணி நேரம் இருக்கும் மேடம்" என்றேன்.

அந்தம்மா துண்டை மூக்கருகே கொண்டுபோனார். "எங்க ஃப்ளாட்ல ரெண்டு நாள் ஃபேன் போட்டாலும் வாடை போறதில்ல. புள்ளைங்க யூனிஃபார்ம அயர்ன் பண்ணித்தான் காயவைக்கிறேன்." பிறகு, "ஏன் விக்கிறீங்க?" என்றார்.

"பஸ்ல போயி போயி இடுப்பு வுட்டுப்போச்சு. ரயில் பக்கத்துல போறோம். வேற ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணி.

அந்தம்மா உள்ளே வந்து கணவரிடம், "இதையே வாங்கிடலாங்க" என்றார். கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை: "அந்தக் கொடிய மட்டும் கழட்டாதீங்க." அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் அண்ணனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அண்ணி முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போது கூடுவாஞ்சேரியில் அண்ணி ஏழு மணி வரை தூங்குகிறார். சாப்பிட்ட கையோடு கதை பேசுகிறார். பால்கனியில் மடக்கு ஸ்டாண்டில்தான் துணி காய்கிறது. காலையில் யூனிஃபார்மை மோந்து பார்த்து முகம் சுளித்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறார்.

போன வாரம் மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது பழைய தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். பக்கத்துச் சந்திலிருந்து கொல்லைப்பக்கம் தெரிந்தது; கொடி நிறையக் குழந்தைகளின் பள்ளிச் சட்டைகள். போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். உடனே செல்போனில் அவர் குரல்பதிவு வந்தது: "மரத்து பக்கம் முடிச்சு எறங்கிகினு கீது பாரு, சட்ட மண்ணுல படுது. வெட்டனது நீதான? போய் இறுக்கிக் கட்டிட்டு வா."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.