கூந்தற்பனையில் இரண்டு கோடுகள்

பனை என்று பெயர் இருந்தால் அதில் தின்ன ஏதாவது இருந்தே தீரும் என்று நம்பிய மடையன் நான். நுங்கு, பழம், கிழங்கு என்று தின்றே வளர்ந்த விழுப்புரத்து வயிறு வேறு எப்படி நினைக்கும்?

திண்டிவனத்துச் சித்தப்பா அழகுக்காகப் பனை வளர்ப்பவர். புதுச்சேரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றுகள் தொட்டி தொட்டியாய் நிற்கும். தரையில் வளர்ந்தது கூந்தற்பனை ஒன்றுதான். மீன்வால் போன்ற இலை, அவிழ்த்துவிட்ட தலைமுடி போலத் தொங்கும் குலை. முதல் குலை உச்சியில் வந்ததாம். பிறகு ஒவ்வொன்றும் அதற்குக் கீழே. சித்தப்பா ஏணி வைத்து ஏறி, குலை வந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கோடு போடுவார். லீவுக்குப் போகும்போதெல்லாம் அடிமரத்தில் என் உயரத்துக்கும் ஒரு கோடு. அவர் கோடு இறங்க, என் கோடு ஏற, எனக்கு ஒரே குஷி.

அந்த வருஷம் குலை ஓட்டுக்கூரை உயரத்துக்கு வந்து, காய் சிவந்திருந்தது. "அதுங்கிட்ட போவாத. முன்ன போட்ட வெதை ஒண்ணும் மொளைக்கல. இதான் கடைசிக் குலை" என்றார் சித்தப்பா.

அவர் குளிக்கப் போனதும் துரட்டியை எடுத்தேன். ஒரு பழத்தைக் கடித்ததுதான் தாமதம், நாக்கில் நூறு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. நான் போட்ட கூச்சலில் சித்தி ஓடிவந்து, புளியைக் கரைத்து வாயில் ஊற்றினாள்.

"இந்த மனுசன் வளக்கறதுல எதுனா ஒண்ணு வாயில வெக்கற மாதிரி இருக்குதா? அந்த எடத்துல மல்லாட்டை போட்டிருந்தாலும் வறுத்துத் தின்னுருக்கலாம்!"

ஈர வேட்டியோடு வந்த சித்தப்பா என் வாயைப் பார்க்கவே இல்லை.

"கொட்டை எங்கடா? முழுங்கிட்டியா?"

வீங்கிய நாக்கால் பேச முடியாமல், துப்பிய மூலையைக் காட்டினேன். மண்டியிட்டுத் தேடி எடுத்து, கழுவி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

சாயங்காலம் அதை மணல் தொட்டியில் புதைத்தார். பிறகு என்னை மரத்தோடு நிறுத்திக் கோடு போட்டார். நான் நன்றாகவே வளர்ந்திருந்தேன். அண்ணாந்து பார்த்துக் கேட்டேன்:

"அடுத்த லீவுக்கு வர்றப்ப குலை எனக்கு எட்டுமா சித்தப்பா?"

மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எட்டும்டா, மரமே பட்டுப்போயி படுத்துக்கினு இருக்கும்."