வைத்திலிங்கம் கொண்டுவந்த சுகவிசாரிப்பு

செய்தியைக் கொண்டுவந்தவர் கரத்தைக்கார மீரான். மஹய்யாவவில் என் வீட்டு வாசலில் மாட்டு வண்டியை நிறுத்தி, "ஐயா, கட்டுகஸ்தோட்டை வைத்திலிங்கம் ஐயா விடியக்காலம் மோசம் போயிட்டார்" என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை என்பதுதான் சரி. இந்த வயதில் சாவுச் செய்தி கேட்டால் அழுகைக்கு முன்னால் அலுப்புத்தான் வருகிறது.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், கை ஒத்துவரவில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷனாரிமார் நடத்திய கல்லூரியில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன், அவன் என்றே இருக்கட்டும். அந்த வாங்கில் மூன்று பேர்: அவன், நான், கதிர்காமர். கோப்பித் தோட்டங்கள் எல்லாரையும் மலைக்கு இழுத்த காலத்தில் நாங்களும் வந்தோம். நான் கண்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். கதிர்காமர் கலகெதரப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. வைத்திலிங்கம் எங்கள் இருவருக்கும் நடுவே, கட்டுகஸ்தோட்டையில் ஒரு கோப்பிக் கிட்டங்கியில் கிளாக்கர்.

எனக்கும் கதிர்காமருக்கும் பேச்சு நின்றது பிள்ளைகளின் கலியாணப் பேச்சில். அவர் கல்லூரியிலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர், நான் சைவன். என் மகளுக்கும் அவர் மகனுக்கும் எல்லாம் சரிவந்து, தாலி கட்டுவது கோவிலிலா தேவாலயத்திலா என்ற இடத்தில் முறிந்தது. பிள்ளைகள் வேறு வேறு இடத்தில் கட்டி நன்றாகத்தான் இருக்கிறார்கள். கிழடுகள் நாங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டே கிடந்தோம்.

வைத்திலிங்கம் விடுவானா? ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் கையுமாக வந்து, கோப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "கதிர்காமன் உம்மட கால் வீக்கத்தைக் கேட்டவன்" என்பான்.

"கேட்டவனோ?"

"ஓம், ரெண்டு தரம் கேட்டவன். எண்ணெய் போடச் சொன்னவன்."

அதற்கு மேல் கதிர்காமர் கதை எடுத்தால் மறித்துவிடுவேன். ஆனால் அவன் போன பிறகு எண்ணெய் போட்டுக்கொள்வேன். கோப்பி இலையில் நோய் விழுந்து, தோட்டங்கள் பாழாகி, கிட்டங்கியும் மூடப்பட்டது. வேலை போன பிறகும் அவன் வருவது நிற்கவில்லை. "எனக்கு வேற என்ன வேலை? உங்கள் ரெண்டு பேருக்கும் தபால் காவுறதுதான்" என்று சிரிப்பான்.

செத்தவீட்டுக்குக் கதிர்காமரை மகன் கையைப் பிடித்து அழைத்துவந்திருந்தான். மனிதர் பாதியாகிப் போயிருந்தார். என் குரல் கேட்டுப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"கண் மங்கின நாளிலயிருந்து நீர் மறக்காமல் விசாரிச்சுக்கொண்டே இருந்தீர். வைத்தி வந்து சொல்லுவான். பெரிய உபகாரம்" என்றார்.

அவருடைய கண் மங்கியதே எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "நீரும் என்ர காலைக் கேட்டனீர்தானே" என்றேன்.

"எந்தக் கால்?" என்றார் கதிர்காமர்.

இரண்டு பேரும் கிடத்தியிருந்தவன் பக்கம் திரும்பினோம். அட பாவி! இத்தனை வருஷமும் எங்களை வைத்து விளையாடியிருக்கிறாயே! அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கதிர்காமரும் அழுதார்.

போன கிழமை மீரானிடம், "கதிர்காமருக்கு இப்ப கண் எப்பிடி எண்டு நான் கேட்டதாச் சொல்லும்" என்று சொல்லி அனுப்பினேன். திரும்பிவந்த மீரான் தலையைச் சொறிந்தார். "ஐயா, அது மெய்யாவே நீங்க கேட்டதா எண்டு விசாரிச்சு வரச் சொன்னார்."

அவர் கேட்டதில் பிழை இல்லை. வைத்திலிங்கம் விசாரித்துத் திரிந்த ஞாயிற்றுக்கிழமைகளை இனி நான் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பு முடியாது என்கிறது. என்றாலும் கலகெதரைக்குப் போய், அந்த மனிதரின் கையைப் பிடித்து, நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, நானே கேட்கவேண்டும்.