மாலை போட்டவர்களுக்கு விற்ற உருண்டை

அந்தக் கடைக்காரனை நான் மன்னிக்கவில்லை. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

1991, ஆடி மாதம். பென்னலூர்ப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் என் மகன் வேலை செய்துகொண்டிருந்தான். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை. அந்த அனலில் நின்றுவிட்டு வருகிறவர்கள் குடிக்காமல் வீடு திரும்புவது அபூர்வம், அவனும் குடித்தான். நானும் அவன் அப்பாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தோம். அந்த வருடம் அவனாகவே வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டான். மாலை போட்டவன் குடிக்க மாட்டான், பீடி தொட மாட்டான், ஒரு வேளைதான் சாப்பிடுவான். ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த நான், அன்று எல்லா மேசைகளுக்கும் மிட்டாய் கொண்டுபோனேன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு வெற்றிலை பாக்குக் கடை இருந்தது. பாதித் தொழிலாளிகள் மாலை போட்டிருந்ததால் ஆடியில் பீடி விற்கவில்லை. அதற்குக் கடைக்காரன் ஒரு வழி கண்டுபிடித்தான். வடக்கேயிருந்து வரும் லாரிக்காரர்களிடம் மூலிகை உருண்டை வாங்கிச் சரமாகத் தொங்கவிட்டான். கோலிக்குண்டு அளவு, கறுப்பு, தித்திப்பு. மினுக்குத் தாளில் நம் ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து, ஒரு லைசென்ஸ் நம்பர்.

“மாலைக்கு ஒண்ணியும் ஆவாதுபா. இது மருந்து. அசதி பறந்துடும். போலீசே வந்தாலும் கைய வெக்க முடியாது, லைசென்ஸ் கீது” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறான்.

சாராயம் கூடாது, புகை கூடாது என்றுதான் விரதம். மருந்து கூடாது என்று எந்தக் குருசாமியும் சொன்னதில்லை. அப்படித்தான் எல்லோரும் வாங்கினார்கள். என் மகன் காலை ஷிப்டுக்கு முன்னால் குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றில் இரண்டு உருண்டை தின்றான்.

முதலில் தனியாகச் சிரித்தானாம். பிறகு காற்றில் எதையோ பொறுக்கினானாம். அப்புறம் இன்னும் ஆறாத வார்ப்பின் மேல் வலது கையை ஊன்றிக்கொண்டு சாவகாசமாக நின்றானாம். கருகிய நாற்றம் வந்து பக்கத்தில் இருந்தவர் இழுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவன் கருமணி கண் முழுக்க விரிந்திருந்தது. என்னைப் பார்த்து, “டீச்சர், உக்காருங்க” என்றான். நான் டீச்சர் இல்லை.

டாக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கஞ்சா இலையா, ஊமத்தையா, வேற மாத்திரையைப் பொடிச்சுப் போட்டிருக்கானா? எதுன்னு தெரியாம நான் எதைம்மா கொடுக்கிறது?”

“பிழைச்சிடுவான்ல?”

“பாக்கலாம்.”

மறுநாள் என்னை “ம்மா” என்றான். கையில் இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியதுதான். அந்தச் சரக்கு உள்ளே வேறு என்ன செய்திருக்கும், பின்னால் என்ன வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார் டாக்டர். இப்போதும் அவன் சத்தமாகச் சிரித்தால் நான் எழுந்துபோய் அவன் கண்ணைப் பார்க்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, “லைசென்ஸ் ஐட்டம்மா. எந்த செக்‌ஷன்ல போடச் சொல்ற?” என்றார். மகனின் அப்பா, “விடு, முருகன் பாத்துப்பான்” என்றார். முருகன் பார்க்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

மதியம் ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போனேன். வாசலில் கூட்டம். மகனின் சட்டைப்பையில் மீதியிருந்த உருண்டைகளைக் கடைப் பலகையில் வைத்தேன்.

“இதுல என்ன இருக்கு?”

“மூலிகைமா.”

“என்ன மூலிகை?”

“அத்த செஞ்சவனுக்குத்தான் தெரியும். நான் இன்னா டாக்டரா?”

“நல்லதுதானே? சாப்பிடு. ரெண்டு.”

“இப்பத்தான்மா சோறு துன்னேன்.”

“அப்ப ஒண்ணு.”

“எனக்கு சுகர் கீதும்மா.”

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “த பார்றா, சுகராம்! காத்தால ஜிலேபி துன்னுகினு இருந்தியே நைனா, அது யாரு, உன் தம்பியா?”

“துன்னு நைனா! லைசென்ஸ் கீதுல்ல!”

கூட்டம் சிரித்தது. நான் தாளைப் பிரித்து உருண்டையை அவன் வாய்க்கு நேராக நீட்டினேன். அவன் பின்வாங்கி அலமாரியில் முட்டிக்கொண்டான்.

“யக்கா, வேணாங்கா. நான் புள்ளகுட்டிக்காரன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“நானும்தான்” என்றேன்.

மாலை போட்ட ஒருவர் தன் பையிலிருந்த உருண்டையை எடுத்து அவன் காலடியில் எறிந்தார். இன்னொருவரும் எறிந்தார். அதன்பின் அந்தக் கடையில் தீப்பெட்டி வாங்கக்கூட ஆள் நிற்கவில்லை. ஆடி முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டான். பூட்டிய கதவைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. வேறு எப்படிச் சொல்ல?

சில வாரம் கழித்து, குன்றத்தூரில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ் ஏறும் இடத்தில் அந்தக் கடைக்காரன் அதே சரத்தைத் தொங்கவிட்டிருக்கிறான் என்று மகனின் கூட்டாளி வந்து சொன்னான். மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லி அனுப்பிவிட்டு, மகனையும் கிளம்பச் சொன்னேன்.

“போதும்மா, உட்டுடேன்” என்றான்.

“நீ விட்டுடு.”

கையை மறைக்க அவன் ஒரு துண்டு எடுத்தான். அதை வாங்கிக் கொடியில் போட்டேன். குன்றத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, இரண்டு டிக்கெட் கேட்டேன்.