ரோசியின் வயிறும் கருப்பராயன் பொங்கலும்

வயிற்று வலியில் புரளுகிற ஒரு விலங்கின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தபோது என்ன செய்தீர்கள்? கூட்டத்தோடு கூட்டமாக நின்றீர்களா? இல்லை, "எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது" என்று இப்போதே பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? புரட்டுவதற்கு முன்னால் சின்னத்தாயியைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அவளுக்கு ஊர் அவிநாசிக்குத் தெற்கே. ஊர் என்று எழுதிவிட்டேன், ஆனால் அவள் வீடு ஊருக்குள் இல்லை. ஊர் முடிந்து, குப்பைமேடும் முடிந்து, அதற்கப்புறம் வருகிற வளவில், ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்த சனங்களின் குடியிருப்பில், இருக்கிறது. பிறந்ததிலிருந்து தோட்டக்கூலி. களை வெட்டினாள், பருத்தி எடுத்தாள், தோட்டத்துக்காரர் வீட்டுப் பின்வாசலில் கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கிக் குடித்தாள். கட்டியவன் வெள்ளியங்கிரி கிணற்று வேலையில் மண் சரிந்து செத்துப்போனான். சாமி குத்தம் என்றார்கள். பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கியவரின் குற்றத்தைப் பற்றி எவரும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கோயமுத்தூருக்கு வேலை தேடிப் போனாள். பீளமேட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே விலங்குகளுக்குப் புல் அறுத்துப் போடும் வேலை கிடைத்தது. சர்க்கஸ்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, காலில் புண் வைத்து நொண்டிக்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையை லாரியில் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போனார்கள். செம்பட்டை நிறம், கண்ணை மறைக்கிற பிடரிமயிர், நின்றால் சின்னத்தாயியின் இடுப்புக்கு வரும். பெயர் ரோசி. அவள் அதை அவிநாசி ரோட்டின் ஓரமாகவே, நின்று நின்று மூன்று நாள் நடத்தி, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறுச்சாமி, அந்த ஊரின் பெரிய தோட்டக்காரர், கேட்டார்: "ஏ சின்னத்தாயி, என்ன புள்ளே, பாதிக் குதிரதான் குடுத்தாங்களா?"

"ஆமாங்க பண்ணாடி. மீதி அடுத்த லாரில வருதுங்க."

கடையே சிரித்தது. ஆறுச்சாமி சிரிக்கவில்லை. வளவுப் பெண் ஒருத்தி தன்னிடம் திருப்பிப் பேசிவிட்டாள் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

கால் ஆறியதும் ரோசி சம்பாதிக்க ஆரம்பித்தது. சின்னத்தாயி சனிக்கிழமையே அதை நடத்திக்கொண்டு கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் குழந்தைகளைச் சவாரி ஏற்றுவாள். காதுகுத்து, பிறந்தநாள் என்று கணபதி வரைக்கும் கூப்பிட்டார்கள். தோட்டத்து வேலைக்குப் போவதைச் சின்னத்தாயி நிறுத்திக்கொண்டாள். அவளுடைய முதுகை நிமிர்த்தியது அந்தக் குட்டைக் குதிரைதான். அது செத்தால் மறுநாள் காலையில் அவள் மறுபடியும் ஆறுச்சாமியின் பின்வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ரோசிக்கு சர்க்கஸில் பழக்கிய ஒரு வித்தை உண்டு. கொட்டுச் சத்தம் கேட்டால் ஒரு முன்னங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்திச் சலாம் போடும். போட்ட உடனே தலையைத் தூக்கி வெல்லம் எங்கே என்று பார்க்கும். போன வருசம், அதாவது தொண்ணூற்று நாலில், சவாரி முடிந்து திரும்பும் வழியில் கருப்பராயன் கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் காதில் விழுந்ததும் ரோசி கோயிலைப் பார்த்துச் சலாம் போட்டுவிட்டது. முடிந்தது கதை. ஊரே ஓடி வந்தது. கோயில் வாசலில் சுண்ணாம்பு பூசிய பெரிய பெரிய குதிரைச் சிலைகள் நிற்கின்றன. உயிரோடு ஒரு குதிரை வந்து கும்பிட்டால் சும்மா விடுவார்களா? "கருப்பராயன் குதிர வந்துருச்சு!" என்று பூசாரி தரையில் விழுந்தார்.

"அது சர்க்கஸ்ல பழக்குனதுங்க சாமி. தகர டப்பாவத் தட்டுனாலும் இப்படித்தானுங்க பண்ணும்" என்று சின்னத்தாயி சொன்னாள். யார் காதில் ஏறும்?

அந்த ஆடி நோம்பித் திருவிழாவுக்குக் குதிரையைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கோயிலுக்கு முன்னால் ஒரு வேப்பமரம். வளவுக்காரர்கள் அந்த மரத்தைத் தாண்டக் கூடாது. ரோசி தாண்டலாம். சின்னத்தாயி கயிற்றை நீட்டினாள். அவள் கை பட்ட கயிற்றின்மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஆறுச்சாமி வாங்கிக்கொண்டார். சர்க்கஸ் சாணியில் புரண்ட குதிரைக்கு உள்ளே இடம், அதைக் குளிப்பாட்டித் தீனி போட்டு வளர்த்த மனுசிக்கு வெளியே.

பிறகு ஊட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல், ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும், வாழைப்பழம். ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு தட்டு. புண்ணியத்தில் யார் பின்தங்குவார்கள்? ஆறுச்சாமி வீட்டிலிருந்து ஒரு பெரிய தாம்பாளமே வந்தது.

மரத்தடியிலிருந்து சின்னத்தாயி கத்தினாள். "போதுங்க! அதுக்குச் செரிக்காதுங்க! அது புல்லுத் திங்கற ஜென்மமுங்க!"

"சாமி குதிரைக்குச் செரிக்காதாமா! கேட்டீங்களா நாயத்த?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

வெயில் ஏறியது. பம்பைச் சத்தமும் ஏறியது. ரோசி தரையை முன்னங்காலால் சுரண்டியது. திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடக்கிக் கீழே இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். எழுந்தது, மறுபடியும் இறங்கியது. மறுபடியும் குலவை.

"எத்தன தடவ கும்புடுது பாருங்கப்பா! சாமி எறங்கிருச்சு!" என்றார் ஆறுச்சாமி.

சின்னத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள். சலாம் என்றால் ஒரு கால்தான் மடங்கும். சலாம் முடிந்தால் தலை மேலே வந்து வெல்லம் தேடும். இந்தத் தலை மேலே வரவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்துக் கறுத்திருந்தது.

"பண்ணாடி! அது கும்புடல பண்ணாடி! வவுறு நோவுது அதுக்கு! கவுத்த இங்க குடுங்க!"

"ஏ புள்ளே, வாய மூடு. சாமி காரியத்துல எதுக்கு ஊளை உடுற?"

ரோசி பக்கவாட்டில் சாய்ந்து நாலு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிப் புரண்டது. அப்போதுதான் கொட்டு நின்றது. இது பக்தி இல்லை என்று பூசாரிக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பழியைப் போட ஆள் தயாராக இருந்தாள்.

"வளவுக்காரி ஊட்டுல இருந்து வந்ததல்ல? தீட்டு. ஒரு சூடு போட்டாச் செரியாப் போயிரும்" என்று சொல்லி, பூசாரி பொங்கல் அடுப்பின் தணலுக்குள் ஓர் அரிவாளைச் செருகினார்.

அந்த இரும்பு சிவப்பதை வேப்பமரத்தடியிலிருந்து சின்னத்தாயி பார்த்தாள். அவளுடைய அப்பன் தாண்டாத மரம். அவள் தாண்டினாள். ஓடவில்லை, கத்தவில்லை. நேராக நடந்துபோய், பொங்கல் பானைகளுக்கு நடுவே குனிந்து கயிற்றை எடுத்தாள். அவள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அவளைத் தடுக்க வேண்டுமென்றால் தொட வேண்டும், தொடவோ அவர்களால் முடியாது. தங்கள் அசிங்கத்தாலேயே அவர்கள் தோற்றார்கள்.

"ஏந்திரு கண்ணு. ஏந்திரு. நானு வந்துட்டேன் பாரு" என்று கழுத்தைத் தட்டினாள். ரோசி தள்ளாடி எழுந்தது.

கோயிலுக்குப் பந்தல் சாமானும் அண்டா குண்டாவும் கொண்டுவந்திருந்த டெம்போ ஊர்ச் சாவடிக்கு அருகே நின்றது. ஓட்டி வந்தவர் கணபதியைச் சேர்ந்த ரசாக். நடந்ததையெல்லாம் அவர் பார்த்திருந்தார். சின்னத்தாயி கேட்பதற்கு முன்பே பின்கதவைத் திறந்தார்.

"ஏத்துங்க அக்கா. நம்ம கணபதில இளவேனில்னு ஒரு மாட்டு டாக்டரம்மா இருக்குது."

"ரசாக்கு, இனி நம்மூருப் பக்கம் டெம்போ வராது, ஞாபகம் வெச்சுக்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வண்டி வராட்டி நடந்து வாரேனுங்க" என்றார் ரசாக்.

இளவேனில் சின்ன வயதுக்காரர். வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகையில்தான் வைத்தியம். பெரும்பாலும் பசுக்களும் நாய்களும் வருமிடம். ரோசியின் ஈறு செங்கல் நிறமாகியிருப்பதைப் பார்த்தார். விலாவில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சத்தமே இல்ல."

"சத்தமில்லாட்டி நல்லதுங்களா அம்மணி?"

"கெட்டதுங்க்கா. நல்ல குடல் எப்பவும் களபுளன்னு பேசிட்டிருக்கும். என்னென்ன சாப்பிட்டுச்சு?"

"என்ன திங்கலைன்னு கேளுங்க. அது ஒண்ணுதான் சொல்ல முடியும்."

தாம்பாளக் கணக்கைக் கேட்டதும் டாக்டரின் முகம் மாறியது. "மனுசனா இருந்தா வாந்தி எடுத்துட்டு எந்திரிச்சிருப்பான். குதிரையால வாந்தி எடுக்க முடியாதுக்கா. உள்ள போனது வாய் வழியாத் திரும்பி வராது. அரிசி உள்ளயே ஊறிப் புளிச்சு வயித்தக் கிழிச்சாலும் கிழிச்சிரும். நான் உண்மையச் சொல்லிடறேன், குதிரைக்கு நான் அதிகமா வைத்தியம் பாத்ததில்ல. எங்க வாத்தியாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் கேட்டுச் செய்வது. அறிவு என்பது அவ்வளவுதான். கோயிலில் இருந்த எவனுக்காவது அந்த நாணயம் இருந்ததா?

வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை மெல்ல மெல்ல இரைப்பைக்குள் செலுத்தினார். ரசாக் தலையைப் பிடித்துக்கொண்டார். குழாயின் மறுமுனையிலிருந்து புளித்த வாடையோடு காற்றும் கஞ்சி போன்ற நீரும் வெளியே வந்தன. முடிந்தவரை கழுவி எடுத்துவிட்டு, அதே குழாய் வழியாகக் குடலை வழுவழுப்பாக்கும் பாரபின் எண்ணெயை இறைத்தார். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் போல ஒரு பாட்டில் ஏறியது. அரிசி அதிகம் தின்ற குதிரைக்குக் குளம்புக்குள்ளும் வீக்கம் இறங்குமாம், அதனால் நாலு காலுக்கும் ஐஸ் தண்ணீரில் நனைத்த சாக்கைச் சுற்றச் சொன்னார். லத்தி விழும்வரை தீனி கூடாது. புரள விடாமல், ஓட்டாமல், மெதுவாக நடத்த வேண்டும்.

சின்னத்தாயி நடத்தினாள். கொட்டகைக்கும் தெருமுனைக் குழாய்க்கும் இடையில் போவதும் வருவதுமாக. ரோசி நின்று விலாவைப் பார்க்கும்போதெல்லாம் அவளும் நிற்பாள். எந்தச் சாமியையும் அவள் கூப்பிடவில்லை. "நட சாமி, நட" என்று குதிரையைத்தான் கூப்பிட்டாள்.

மறுநாள் விடிந்து, பால்காரர் மணி அடித்துப் போன பிறகு, ரோசி வாலைத் தூக்கியது. முதலில் எண்ணெய் ஒழுகியது. பின்னால் பொத்தென்று ஓர் உருண்டை. அப்புறம் இன்னும் கொஞ்சம், உள்ளே முழுசு முழுசாகப் பச்சரிசி. சின்னத்தாயி அதை இரண்டு கையிலும் ஏந்தி டாக்டரிடம் ஓடினாள்.

"அக்கா, இதுக்கு ஒரு சூடம் காட்டலாமா?" என்றார் ரசாக்.

"பாய், அந்த வாயில இதயே வெச்சு அடைச்சுப்போடுவேன் பாத்துக்கங்க!" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

டாக்டர் காதுக்குழாயை அவள் காதில் மாட்டிவிட்டார். குடல் பேசிக்கொண்டிருந்தது. அப்போது ரசாக் டெம்போவின் தகரக் கதவை விளையாட்டாகத் தட்ட, ரோசி நின்ற இடத்திலேயே ஒரு காலை மடக்கிச் சலாம் போட்டது. தலையைத் தூக்கி வெல்லம் எங்கே என்று பார்த்தது.

"கெடையாது போடி. திங்கறதுக்கு இனிப் புல்லுதான்" என்றாள் சின்னத்தாயி.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ரோசி பிழைத்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. செத்திருந்தால் தெய்வக் குற்றம் என்று சொல்லி மூடியிருப்பார்கள். கோயிலைக் கழுவித் தீட்டுக் கழித்தார்கள். வளவுக்காரர்கள் தண்ணீர் எடுக்கிற ஆறுச்சாமி தோட்டத்துத் தொட்டியைப் பூட்டிவிட்டார்கள். குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடந்த பெண்கள் அவளைத்தான் திட்டினார்கள், பூட்டியவரை அல்ல. அவளுடைய சொந்தத் தம்பியே வந்து நின்றான்.

"அக்கா, வேப்பமரத்தடில ஒருக்கா உளுந்து கும்புட்டுரு. குதிரையக் கோயலுக்கு உட்டுரு. அல்லாரும் உன்னாலதான சீரழியறாங்க?"

"என்ற குதிரைய நானு எடுக்கப் போனேன்டா. அதுல என்ன தப்பு? உளுந்து கும்புட்டா அந்த அருவாளச் செரின்னு சொன்ன மாதிரி ஆயிராதா?"

தம்பி திரும்பி நடந்தான். இன்றுவரை அவளோடு பேசுவதும் இல்லை. ரசாக்கின் டெம்போவை அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் கூப்பிடுவதில்லை. தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, காகிதத்தில். புகார் கொடுக்கப் போனவளை, "குதிரைக்காகவா இத்தன சண்ட?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதை எழுதும் இப்போது வைகாசி. ஆடி நோம்பிக்குச் சாமி குதிரை வந்தே ஆக வேண்டும், அவளாகக் கொடுக்காவிட்டால் வளவுக்கு வந்து அவிழ்த்துக்கொண்டு போவோம் என்று ஊர் சொல்லியனுப்பியிருக்கிறது. சின்னத்தாயி கயிற்றைத் தன் வீட்டு வாசற்காலில் கட்டிவைத்திருக்கிறாள். தனியாக அவளால் எத்தனை பேரைத் தடுக்க முடியும்?

முதல் வரியில் உங்களை ஒரு கேள்வி கேட்டேன். பதிலை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். ஆடி நோம்பியன்று அவிநாசிக்குப் பஸ் ஏறுங்கள். ரோசி இருக்கிற வளவுக்கு வழி கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். பழமும் பொங்கலும் கொண்டுவராதீர்கள், ஒரு கட்டுக் காய்ந்த புல் போதும். வந்து, அந்த வாசலில், சின்னத்தாயிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.