உள்ளங்கைச் சீனி

வட்டவளையைத் தாண்டி ரயில் மலையேறுகிறது. எதிரே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை விடாமல் அழுகிறது. என் பக்கத்தில், கொட்டகலைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்து அக்கா உள்ளங்கைச் சீனியை நக்கியபடி பால் சேர்க்காத சாயத்தண்ணி குடிக்கிறார். குழந்தை அந்தக் கையையே பார்க்கிறது.

"ஸ்வீட், மேடம்?" என்று அக்கா தாயிடம் கேட்கிறார். திட்டு விழுமோ என்று எனக்குப் படபடப்பு. தாய் சிரித்துத் தலையாட்டுகிறாள். அக்கா கையை முந்தானையில் துடைத்துப் புதுச் சீனி வைக்கிறார். குழந்தை நக்குகிறது. "ஸ்வீட்" என்று கன்னத்தைத் தடவுகிறார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுத் தட்டும்போதும் அதே சொல்தான், தாலாட்டு மெட்டில். வெள்ளைக்காரரிடம் அந்த ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கொட்டகலை வருகிறது. அவர் அசையவில்லை.

"அக்கா, எறங்கலையா?"

"புள்ள இப்பதான் கண்ண மூடுச்சு. தலவாக்கலையில எறங்கி பஸ்ஸுல திரும்பி வந்துக்கிறேன். நீங்க பதறாம ஒக்காருங்க."