என் பங்குப் புகை

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. உடம்புச் சூடு என்றார் மாமியார். வெந்தயம், இளநீர், தலைக்கு விளக்கெண்ணெய் என்று என்னைக் குளிரவைத்தார். சளி பிடித்தது.

தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"கருமுட்டை வயசுக்குக் கம்மியா இருக்கு. சிகரெட் பிடிப்பீங்களா?"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வீட்டுல யாரு பிடிக்கிறா?"

சிரிப்பு நின்றது.

அவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். அம்மா முன்னால் பிடிக்கமாட்டார், மரியாதை. எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு பிடிப்பார். உள்ளே நான் இருப்பேன்.

"புகை மட்டுந்தான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா பக்கத்துல இருந்து இழுத்தாலும் முட்டை கெடும்மா. பொறக்கும்போதே இருக்கிறதுதான், போனா புதுசா வராது. சார், உங்களுக்கும் அது நல்லதில்ல" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் புகை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். சாம்பிராணி நின்றது. ஊதுபத்தி, கொசுவர்த்தி நின்றன. தாளிக்கும்போது என்னை வாசலுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா தூபக்காலோடு வந்தால், "அந்தப் பக்கம் கொண்டு போடி, இவளுக்கு ஆகாது" என்று கத்தினார். கொசு மொத்தமும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது.

மகனை ஒன்றும் சொல்லவில்லை. "என் முன்னாடி அவன் பிடிச்சதே இல்லையே" என்றார்.

ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் காலை திருவானைக்காவல் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். டீக்கடையில் ஐந்தாறு பேர். அவர் பற்றவைக்கப் போனார். கையை நீட்டினேன்.

"ஒண்ணு குடுங்க."

"என்னது?"

"சிகரெட்டு. எப்படியும் பாதி எனக்குத்தான வருது. நேராவே இழுத்துக்கிறேன்."

டீ ஆற்றியவர் கை அப்படியே நின்றது. ஒரு டிரைவர் தீப்பெட்டியை எடுத்து, "அண்ணி, நெருப்பு வேணுமா?" என்றார்.

"வாய மூடுறா" என்றார் இவர். என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போடி, மானம் போவுது."

"மானம் திரும்ப வந்துரும். முட்டை வராதாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பாக்கெட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். உள்ளே இருந்ததை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நாலு மாதமாகிறது. ஏலக்காய் மெல்லுகிறார். ஏறுகிறவர்கள் எல்லோரிடமும் சண்டை. நடுவில் இரண்டு தடவை பிடித்தார், சட்டையை மோந்து கண்டுபிடித்தேன். "இதுக்கு அவன் ஊதுனதே தேவல" என்கிறார் மாமியார்.

புதன்கிழமை மறுபடி ஸ்கேன். என்ன வரும் என்று தெரியாது. அன்றைக்குச் சவாரி இல்லை என்று அவர் ஸ்டாண்டில் சொல்லிவிட்டார்.