ஸ்வெட்டருக்குள் ஒரு சோதனைக் குழாய்

யாங்கோனில் சித்திரை வெயிலிலும் நான் ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். காய்ச்சலா என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் பர்மியத்தில் கேட்பார்கள். ஐஸ் இருக்கிற இடத்தில் வேலை என்று அரைகுறையாகச் சொல்லி முடிப்பதற்குள் லைங் தாயா தொழிற்பேட்டை வந்துவிடும்.

அங்கே இறாலை உறையவைத்துக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றுக்குப் பரிசோதகனாக வந்தேன். தொண்டியில் என்னைப் பெற்ற அத்தா ஐஸ் உடைப்பவர். பாளம் உடைத்து மரத்துப்போன அந்தக் கைதான் என்னை நுண்ணுயிரியல் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்துக்குத்தான் இங்கே சம்பளம். சாக்கடைக் கிருமி இல்லை என்று நான் எழுதினால்தான் பெட்டி நகரும்.

மூன்று மாதம் அப்படியே எழுதினேன். படகுகள் இறாலைக் குளிர்ந்த கடல்நீரில் போட்டுக் கொண்டுவரும். நகரத்துச் சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தில் அந்த நீரை மொண்டுகொள்வார்கள். இருந்தும் கிருமி வளர்த்துப் பார்க்கும் என் தட்டுகளில் எதுவும் முளைக்கவில்லை. குளிர் கொன்றுவிட்டது என்று நம்பினேன்.

ஒருநாள் மின்சாரம் போய், தட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கும் சூட்டுப்பெட்டி அணைந்தது. மாதிரியை வீணாக்க மனமில்லாமல் மருந்து கலக்காத வெறும் சத்துநீர்க் குழாயில் இட்டு, இறுக மூடி, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாலைவரை நடமாடினேன். மின்சாரம் வந்ததும் ஒரு துளியைத் தட்டில் இட்டேன். மறுநாள் தட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், எல்லாம் சாக்கடைக் கிருமிகள். மூன்று முறை செய்து பார்த்தேன், அதேதான். குளிரும் உப்பும் அவற்றைக் கொல்லவில்லை, சோர்ந்து கிடக்க வைத்திருந்தன. தேறவிடாமல் நேராக, மற்றக் கிருமிகளை அடக்கும் கடும் மருந்துத் தட்டில் போட்டுவிட்டு, இல்லை என்று எழுதியவன் நான்தான்.

பழைய கையெழுத்துகளும் தப்பு என்று எழுதி மேலாளர் ஊ வின்னிடம் கொடுத்தேன். இங்கேயே பிறந்த மேஸ்திரி காசிம் பாய் மொழிபெயர்த்தார். ஊ வின் தட்டைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார், பாய் என் பக்கம் திரும்பினார்.

"உன் வேர்வையில முளைச்சதாம் தம்பி. கையெழுத்தப் போட்டுட்டுப் போ, அவரு சிரிக்கும்போதே."

"இறால் போடாத குழாயையும் கூடவே வச்சிருந்தேன் பாய். அதுல ஒண்ணும் முளைக்கல. காட்டுங்க."

ஊ வின் சிரிப்பதை நிறுத்தினார். கையெழுத்துப் போடாதவனுக்கு ஐஸ் முற்றத்தில்தான் வேலை என்றார்.

"போறேன்னு சொல்லுங்க."

"இதயும் நான்தான் சொல்லணுமா" என்று முனகிக்கொண்டே காசிம் பாய் சொன்னார்.

இப்போது பாளம் உடைக்கிறேன். அத்தாவுக்கு எழுதவில்லை. இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தச் சரக்கு என் பெயர் இல்லாமல் குளிரறையிலேயே கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்மட்டி பிடித்து மரத்துப்போகும் கை தொண்டியுடையது. ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு ஒட்டிய குழாயில், இன்று வந்த யாங்கோன் படகின் நீர் சூடேறிக்கொண்டிருக்கிறது.